தக்கவைப்புப் பட்டியல்

வாட்டி கிளெக்ஹார்ன் சொல்லச் சொல்ல
நான் தட்டிய கடிதங்கள்
எதுவும் 'வருந்துகிறோம்' என்று தொடங்கியதில்லை.
'உன் பூட்ஸ் கொக்கியில் தொங்குகிறது,
வந்து எடுத்துக்கொள்.'
அவ்வளவுதான்.
பையன்கள் புரிந்துகொள்வார்கள்.

எனக்கு வாரம் முப்பத்திரண்டு ஷில்லிங்.
யந்திரத்தில் ஓர் எழுத்து மட்டும்
வரியை விட்டு எம்பி நிற்கும்.
கிளப்புக்கு மூன்று இயக்குநர்கள்:
கறிக்கடைக்காரர், நூல் தரகர்,
சவப்பெட்டி வியாபாரி.
கடைசியவர்தான் பொறுமைசாலி.

ஃபைஃபில் பதினான்கு வயதில்
சுரங்கக் கூண்டில் இறங்கியவர் வாட்டி.
இருபத்தாறில், சுரங்கம் பூட்டிக்கிடந்த கோடையில்,
கஞ்சித்தொட்டி வரிசையில் நிற்கும்போது
யாரோ ஒரு ஏஜெண்ட் கேட்டானாம்:
'அந்த இடது காலுக்கு என்ன விலை?'
ஆயிரத்து நூறு பவுன் கைமாறியது, இரண்டு கிளப்புகளுக்கு இடையில்.
காலுக்குச் சொந்தக்காரருக்குப் பத்து பவுன்,
மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட்.
பத்தில் தங்கைக்கு ஒரு தையல் மிஷின்.
மிச்சத்தில் தொப்பி.
இரண்டு தடவை இதைச் சொல்லியிருக்கிறார்.
இரண்டு தடவையும்
மிஷினின் பெயர் நினைவிருந்தது,
ஏஜெண்டின் பெயர் இல்லை.

ஸ்காட்லாந்துக்கு ஒரே ஒருமுறை தேர்வானார்,
பன்னிரண்டாவது ஆளாக.
அந்நாளில் பன்னிரண்டாவது ஆள் என்றால்
பதினொரு பேரின் கோட்டுக்கும் காவல்.
'கதகதப்பான வேலை' என்பார்.

எங்கள் ஊருக்கு வரும்போது வயது முப்பது.
ஆட்டக்காரரும் அவரே, மானேஜரும் அவரே,
சம்பளம் மட்டும் ஒன்று.
சனிக்கிழமை காலை வலையின் கிழிசலைத் தைப்பார்,
பந்தின் தோலுக்குக் கொழுப்பு தடவுவார்,
மழையில் கரையும் கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுவார்,
மூன்று மணிக்கு
அதே வெள்ளைக் கைகளோடு களத்தில் இறங்குவார்.
மாலையில் கதவு வசூலை
என் மேஜையில் கொட்டி எண்ணும்போது
பென்னிகளில் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.

டிசம்பரில் ஒரு சறுக்கல்.
முழங்காலில் முக்கால்தான் மிச்சம் என்றார் மருத்துவர்.
அந்த முக்காலோடு மார்ச் வரை ஆடினார்.
ஒருமுறை தன்னிடமிருந்து பந்தைப் பறித்த சிறுவனுக்கு
விழுந்த இடத்திலிருந்தே
கைதட்டினார்.

மே மாதம். பட்டியல் மறுநாள் தபாலில் போயாக வேண்டும்.
இரண்டு பத்தி: இருப்பவர், போகிறவர்.
'ஸ்கெல்டிங், இடது. ஐவ்ஸ், வலது.
டன்வெல், இடது. அவனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது...
இல்லை, அதற்காக இல்லை, இடது.'
பைப்பைத் தட்டினார்.
'கிளெக்ஹார்ன், வால்டர்.'
விரல்கள் நின்றன.
'எந்தப் பக்கம்?' என்றேன்.
'மானேஜராகச் சொல்கிறேன்,
திரும்புவதற்கு நேரம் எடுக்கிறான்.
ஆள் மோசமில்லை, எனக்குத் தெரியும்.
வலது.'
'கடிதம்?'
'எல்லாருக்கும் போவது அவனுக்கும் போகட்டும்.
தபால்தலை என் கணக்கில்.'
கையெழுத்துப் போட்டு
ஒன்றரைப் பென்னியில்
தன் வாடகை வீட்டு முகவரிக்கே அனுப்பினார்.

திங்கட்கிழமை கடிதத்தோடு வந்தார்.
கொக்கியிலிருந்து பூட்ஸை எடுத்தார்.
'நல்ல கடிதம்' என்றார்,
மூக்கைச் சிந்திக்கொண்டு.

அடுத்த வருடம் எட்டாம் இடம்.
அதற்கடுத்த வருடம் மூன்றே ஆட்டம்,
பிறகு யுத்தம்.
ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போயின.
இருபத்திரண்டு கடிதம் தட்டினேன்.
அந்த வாரம் பூட்ஸ் வாக்கியத்தை
அவர் சொல்லவில்லை.
ராணுவம் திடலைக் கேட்டது. கொக்கிகளும் அதில் சேர்த்தி.

கடைசிக் கடிதம் அவருக்காக,
ஃபைஃப் சுரங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்.
முழங்காலைப் பற்றி
அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.
'தொழில் என்று என்ன போட?'
ஜன்னல் வழியே பார்த்தார்.
வெளியே லாரிகள் கோல் எல்லைக்குள் நின்றன.
'இடது ஹாஃப்' என்றார்.
தட்டிவிட்டேன்.
'சீ, வேண்டாம். கரி வெட்டுபவர்.'

புதுத் தாள் இருந்தது.
நான் எடுக்கவில்லை.
முதல் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு அடித்தேன்,
வாசிக்க முடிகிற அளவுக்கு.