முதலில் எது

விருப்பப் படிவம் இன்று நாலு மணிக்குள்.
பள்ளத்தூரில் பஸ் நிற்கிறது,
டிரைவர் டீக்கடையில்.
மடியில் ஒற்றைத் தாள்:
சூ. லூர்து சகாயராணி, இயற்பியல், மூன்றாம் ஆண்டு.
பெயர் வரை நிரப்பிவிட்டேன்.

கீழே மூன்று கட்டங்கள்.
குவாண்டம் இயக்கவியல்.
மின்காந்தவியல்.
புள்ளியியல் இயற்பியல்.
இந்தப் பருவத்துக்கு ஒன்று, மற்றவை பிறகு.
எது வேண்டாம் என்று கேட்டிருந்தால்
நேற்றே சொல்லியிருப்பேன்.
எது முதலில் என்கிறார்கள்.

"எல்லாத்தையும் படிக்கத்தானே போறே,
எது முன்னாடி வந்தா என்ன?"
என்றாள் அம்மா, மாவைக் கரைத்தபடி.
உப்பை எப்போது போடுவாய் என்று கேட்டேன்.
"வெயில்னா இப்பவே. மார்கழின்னா காலையில.
மாத்திப் போட்டா மாவு கெட்டுப்போகும்."
சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.
தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது.

உமையாள் குவாண்டத்தில் டிக் போட்டு மூன்று நாளாகிறது.
"அந்தப் பூனை இருக்கா செத்துச்சான்னு
பன்னெண்டாவதிலேர்ந்து தெரியாம இருக்கேன்டி,
இனியும் பொறுக்க முடியாது."
என் முகத்தைப் பார்த்து, ஆறுதலுக்கு:
"எந்த வாசல்ல நுழைஞ்சா என்ன,
வீடு ஒண்ணுதானே?"

அவள் வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவது.
கல்யாண நாட்களில் அம்மா அங்கே சமையலுக்குப் போவாள்,
விடுமுறையென்றால் நானும்.
பின்வாசலில் நுழைந்தால் முதலில் புகை,
பிறகு அண்டாக்கள், பிறகு கிணறு,
எங்கோ தூரத்தில், சதுரமாய்
முற்றத்து வெளிச்சம்.
முன்வாசலில் வருகிறவர்களுக்கு
அந்தக் கிணறு இருப்பதே தெரியாது.
வீடு ஒன்றுதான், உமையா.

பஸ் கிளம்பிவிட்டது.

வகைக்கெழுச் சமன்பாடுகளில் நாற்பத்தியொன்று வாங்கியவள் நான்.
பாஸ்தான்.
ஆனால் குவாண்டம் புத்தகத்தை எந்தப் பக்கம் திறந்தாலும்
அந்த நாற்பத்தியொன்று உட்கார்ந்திருக்கிறது,
வட்டி கேட்க வந்தவன் மாதிரி, செருப்பைக் கழற்றாமல்.
நேற்று நூலகத்தில் ஒரு பக்கம் மட்டும் புரிந்தது.
இரண்டு செயலிகள்.
இதற்குப் பின் அது, அதற்குப் பின் இது,
இரண்டும் சமமல்ல.
கழித்தால் பூஜ்ஜியம் வராது.
சிரித்துவிட்டேன், நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.
வரிசை முக்கியம் என்று சொல்லித்தரும் பாடத்தை
வரிசையில் எங்கே வைப்பது?

அப்பா கோட்டையூரில் லைன்மேன்.
அதனாலேயே மின்காந்தவியல் முதலில் கூடாதென்று
ஒரு வீம்பு இருந்தது எனக்கு.
கம்பக்காரர் மகள் கம்பத்துக்கே போனாள் என்பார்கள்.
யாரும் சொல்லவில்லை,
நானே சொல்லிக்கொண்டது.

செம்மண் மேடு தாண்டி
உயர் அழுத்தக் கம்பிகள் சாலையைக் குறுக்கே கடக்கும் இடம்.
டிரைவரின் பழைய ரேடியோ
செய்தியின் நடுவில் கரகரத்து,
ஒரு புளியமரம் கழிந்ததும் தெளிந்தது.
தினம் இரண்டு முறை, இரண்டரை வருடம்.
மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளும் மனப்பாடம்,
தலைகீழ் முக்கோணம் வரைவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.
ஆனால் இந்தக் கரகரப்பு ஏன் என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.
பக்கத்து சீட்டில் கோழிக்கூடையோடு இருந்தவர்
ரேடியோவை முறைத்தார்.
அவராவது முறைத்தார்.

பேனாவைத் திறந்தேன்.
ஸ்ரீராம்நகர் வேகத்தடை.
டிக்கின் வால் ஒரு கட்டத்தில்,
தலை இன்னொரு கட்டத்தில்.

அலுவலகத்தில் அக்கா
தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"ரெண்டுலயும் இருக்கே. எதும்மா?"
பின்னால் பதினோரு பேர் நிற்கிறார்கள்.
கேட்கும் வரை, சத்தியமாக, எனக்கும் தெரியாது.
"மின்காந்தம்," என்றது என் குரல்.
சிவப்பு மையில் வட்டமிட்டு
தாளைக் கட்டில் செருகினார்.

வெளியே உமையாள் ஐஸ் வாங்கி வைத்திருந்தாள்,
எனக்கானது பாதி உருகி.
குவாண்டம் எனக்கு அடுத்த பருவம்தான்.
பூனையைப் பற்றி எதுவும் சொல்லிவிடாதே
என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.