நாற்பத்தேழாவது ஜாயிண்ட்

ஹித் துறைமுகத்து ஏழாம் மேடைக்கு
அது வருகிறதென்று யாரும் சொல்லவில்லை.
மூன்று நாளாகக் கேன்டீனில் கோழி இரட்டிப்பானது.
அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

கப்பல் ஓர் அரசாங்கத்துடையது.
அதன் உலைக்கு மூடி வார்த்தது வேறொரு தேசத்து ஆலை.
மேடையைக் குத்தகை எடுத்தது மூன்றாவது தேசத்துக் கம்பெனி.
நிற்கிற நாட்களில் கரையிலிருந்து குளிர்நீர் ஓடும் குழாயை
ஒரு கொரியாக்காரர் எடுத்து
சித்ராவில் ஒருவருக்குக் கொடுத்து
அவர் எங்கள் முதலாளிக்குக் கொடுத்து
முதலாளி எனக்கு வாட்சப் போட்டார்:
"அறுபது ஜாயிண்ட். ராத்திரி மட்டும்.
யாரும் படம் பிடிக்கக் கூடாது."

படம் பிடிப்பதுதான் என் வேலை.

பதினொரு பக்க ரகசிய ஒப்பந்தத்தில்
பிக்கப் வண்டியின் பானட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
பானட் சுட்டது, இரவு ஒன்பது மணிக்கும்.

என் இரிடியம் மிளகளவுதான்.
அதைப் பூட்டிய பெட்டியின் உட்கவசம் யுரேனியம்,
எரிந்து தீர்ந்த வகை, யாருக்கும் வேண்டாதது.
இந்த ஒரு விஷயத்தில்
அந்தக் கப்பலும் நானும் தூரத்துச் சொந்தம்.

பிஸ்வஜித் கயிறு கட்டிச் சிவப்பு விளக்கை மாட்டுவான்.
காவலாளி ஜாசிம் யாரும் சொல்லாமலே
நாற்காலியையும் ஃபிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு
கன்டெய்னர்களுக்குப் பின்னால் போய்விடுவார்.
நான் கைப்பிடியைச் சுற்றுவேன்.
மிளகு கேபிள் வழியாக நடந்து போகும்,
எண்ணுவேன், திருப்பிச் சுற்றுவேன்.

வெல்டர் கில்டஸ். கூட்டப்புளிக்காரன்.
பத்தொன்பது வயதில் இடுப்பளவு கடலில் நின்றவன்,
ஊருக்குப் பக்கத்தில் உலை வேண்டாமென்று.
எஃப்.ஐ.ஆரில் பெயரை கில்பர்ட் என்று எழுதிவிட்டார்கள்.
அந்த ஒரு எழுத்துப்பிழையால்
பாஸ்போர்ட் கிடைத்தது.
"இப்ப இது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன்.
முகமூடியைக் கீழே இறக்கிக்கொண்டான்.
நீலப்பொறி பறந்தது. அவ்வளவுதான் பதில்.

அவன் பற்றவைத்ததை நான் திருப்பி அனுப்பியதே இல்லை.
நாற்பத்தாறு வரை பால்போல வந்தது.
நாற்பத்தேழில், கழுவின ஃபிலிம் சொட்டச் சொட்ட,
உள்விளிம்பில் முடிக்கனத்தில் ஒரு கறுப்புக் கோடு.
வேரில் பிடிக்கவில்லை.

மேனேஜர் வந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.
"தண்ணிதானே ஓடுது? விழாவுக்கு அஞ்சு மணி நேரம்.
நாலு கொடி ஏத்தியாச்சு. மந்திரிமார் ஹோட்டலை விட்டுக் கெளம்பப் போறாங்க.
ஒன்னோட ஒரு கையெழுத்துதான் பாக்கி."

நாலு கொடிக்கும்
என் பெயரை எழுத்துக்கூட்டத் தெரியாது.
மஞ்சள் சாக்கால் குழாயில் ரிப்பேர் என்று எழுதினேன்.
கை நடுங்கியது; வீரம் எல்லாம் இல்லை,
வேலை போனால் தங்கை ஃபீஸ்.

கில்டஸ் ஃபிலிமை வாங்கி
ட்யூப்லைட்டுக்கு எதிரே ரொம்ப நேரம் பிடித்திருந்தான்.
"ஆமா" என்றான்.
வேறொன்றும் சொல்லவில்லை.
தெரிந்து விட்டானா, கை அசந்ததா,
நானும் கேட்கவில்லை.
கிரைண்டரை எடுத்தான்.

மறுபடி கயிறு, மறுபடி சிவப்பு, மறுபடி மிளகு.
சுத்தமாக வந்தபோது விடிந்திருந்தது.
அப்போதுதான் அதைப் பார்த்தேன்:
தண்ணீரோடு தண்ணீராகக் கறுப்பு, ஜன்னல் கிடையாது,
மேலே ஒரு பையன் நின்று கொட்டாவி விட்டான்.

கூடாரத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள்
இரண்டு மணி நேரம் வியர்த்து உட்கார்ந்திருந்தார்கள்.
காற்றில்லாமல் கொடிகள் துவண்டு கிடந்தன.
மறுநாள் பேப்பரில்: கடல்வற்றம் காரணமாகத் தாமதம்,
நீடித்த நட்புறவு, கூட்டுத் தொழில்நுட்பம்,
கைகுலுக்கும் ஏழு பேர்.

அறுபது ஜாயிண்ட், அறுபத்தொரு ஃபிலிம்.
ஒப்படைக்கும் படிவத்தில் அறுபது கட்டம்தான் இருந்தது.
அந்த ஒன்றைக் கில்டஸ் கேட்டான். கொடுத்தேன்.
கேம்ப் அறையில், அவன் கட்டிலுக்கு மேல் ஜன்னலில்
செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறான்.
பகலில் வெளிச்சம் அதன் வழியாகத்தான் வருகிறது,
அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு.