அறுபதும் முப்பதும்

புகார்க் கடிதம் எழுதியவள் நான்தான்.
பெயர் போடவில்லை.
'இரவு பத்தே முக்காலுக்கு ஒரு கார்
முற்றத்தில் வந்து நின்ற பிறகும்
நிற்காமல் உறுமுகிறது' என்று மட்டும்.

எனக்கு விடிகாலை மூன்று மணிக்கு அடுமனை.
நான் தூங்கினேனா என்று விசாரித்துவிட்டு
மாவு உப்புவதில்லை.
சுண்ட்ஸ்வாலில் ஜனவரி.
இரட்டைக் கண்ணாடி ஜன்னலையும் தாண்டி
என் தலையணைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்
அந்த எஞ்சின்.
எண்ணியிருக்கிறேன்: தொண்ணூறு நொடி.
சில நாள் தொண்ணூற்றிரண்டு.

சலவை அறையில் கூடினோம்,
மடிக்காத யாரோ ஒருவரின் போர்வைகளுக்கு நடுவே.
ஒரு நிமிடத்துக்கு மேல்
நின்ற வண்டியின் எஞ்சின் ஓடக் கூடாது,
இங்வே விதியை வாசித்தார், இரண்டு முறை.
டோர்க்னி எழுந்தார்.
காகித ஆலையின் வாடை அவர் சட்டையில்.
'பழைய சாப். டர்போ' என்றார்,
வியாதியின் பெயரைச் சொல்வதுபோல.

முஷ்டியை மூடிக் காட்டினார்.
'இவ்வளவு சின்னச் சக்கரம்.
நிமிடத்துக்கு லட்சம் சுற்று.
எஞ்சின் வெளியே விடும் அனல் மூச்சில் சுழல்கிறது.
அதைத் தாங்குவது மெல்லிசான எண்ணெய்ப் படலம்.
சாவியைத் திருப்பினால் எண்ணெய் நின்றுவிடும்,
சூடு நிற்காது.
நின்ற எண்ணெய் அங்கேயே கருகும்.'

சர்க்கரைப் பாகு எனக்குத் தெரியும்.
அடுப்பை அணைத்த பிறகுதான்
சட்டி அதைக் கருக்கும்.
தெரியும் என்று நான் சொல்லவில்லை.

இங்கெயெர்த் சொன்னாள்:
புதுக் கார்களில் இந்தக் கவலை இல்லையாம்,
அணைத்த பிறகும் தண்ணீர் தானாகச் சுற்றுமாம்.
பழையதானாலும்
கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்தால் போதுமாம்.

'போதும்' என்றார் டோர்க்னி.
'ஊர் தட்டையாக இருந்தால்.
நம் வீடு குன்றின் தலையில் இருக்கிறதே.
எனக்குக் கடைசியில் வருவது ஏற்றம்.'

குன்றை இறக்கிவைக்க
யாரும் தீர்மானம் கொண்டுவரவில்லை.
அறுபது நொடி என்று முடிவாயிற்று.
நானும் கை தூக்கினேன்.
நான் சுட்டுக் கொண்டுபோன
இலவங்கப்பட்டை ரொட்டியில்
அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்,
நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார்.

மறுநாள் அறுபது.
அதற்கடுத்த நாளும் அறுபது, துளி பிசகாமல்.
மிச்சமான முப்பது நொடியை
என்ன செய்வதென்று தெரியாமல்
விழித்துக் கிடந்தேன்.

மார்ச்சில் ஒரு நாள் நீலப் புகை.
இழுவை வண்டி வந்து
சாபின் மூக்கைத் தூக்கிப் போனது.
முப்பத்தெட்டு வருஷத்து டர்போ,
எப்படியும் போயிருக்கும் என்றார் இங்வே.
இருக்கலாம்.
முப்பது நொடியில் எவ்வளவு எண்ணெய் கருகும் என்று
ரொட்டிக்காரிக்கு எப்படித் தெரியும்.

இப்போது அவரிடம் மின்சாரக் கார்.
வருவதும் கேட்காது, நிற்பதும் கேட்காது.
பத்தே முக்காலுக்கு
யாரும் எழுப்பாமல் எழுந்துகொள்கிறேன்.

நேற்று திரையை விலக்கிப் பார்த்தேன்.
கீழே அவர், காருக்குள்ளேயே.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்,
முகத்தில் திரையின் நீலம்.
மேலே அவர் வீட்டுச் சமையலறையில்
விளக்கு எரிகிறது.
காரில் ஆறுவதற்கு ஒன்றும் இல்லை.
சுழல்வதற்கும் இல்லை.

எண்ணத் தொடங்கிவிட்டேன், பழக்கம்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது.
அறுபதில் என் கை எழுந்தது,
சலவை அறையில் எழுந்த அதே கை.
திரையை இழுத்து மூடினேன்.

மீதி முப்பது அவருடையது.