ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில்

பிராம்ப்டனில் ஒரு குளிர்க்கிடங்கு.
மைனஸ் இருபத்திரண்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன்.
முன்னால் உறைந்த பட்டாணிப் பெட்டிகள் மறைக்கும்,
ஆகவே பாதி நாள் பின்னோக்கித்தான் பயணம்.
பதினொரு வருடம்
இடத்தோளுக்கு மேலாகவே உலகத்தைப் பார்த்தேன்.

பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்தபோது
குளிர் என்று நினைத்து
கையுறைக்கு மேல் கையுறை போட்டேன்.
ஜூலையிலும் விறைத்தது,
அடுப்படியில், வெங்காயம் அரிகையில்.

டாக்டர் ஒகாஃபோர் பேனாவால் திரையைத் தட்டினார்.
ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் இடையில்
மெத்தை காய்ந்து சப்பையாகிவிட்டது.
விளிம்பில் இரண்டு கூர்கள்.
முள் என்கிறார்கள். எனக்கென்னவோ
மெழுகுதிரி வழிந்து உறைந்த மாதிரித் தெரிந்தது.

வெளியிலிருந்து வந்ததில்லையாம், உடம்பே வளர்த்ததாம்.
ஆட்டம் கண்ட இடத்தைத் தாங்கப் பார்த்ததாம்.
அவருடைய இங்கிலீஷை மனதுக்குள் தமிழாக்கினேன்:
முட்டுக் கொடுக்கப் போய்
நரம்பில் முட்டிவிட்டது.

அரத்தால் அராவி எடுக்கலாமோ என்று கேட்டேன்.
சிரித்தார்.
வயது போகப் போகப் பலருக்கும் உண்டு,
பாதிப்பேர் அறியாமலே வாழ்ந்துவிடுகிறார்கள் என்றார்.
பிறகு சிரிக்காமல் சொன்னார்:
பொத்தான் போட விரல் தடுமாறினால்,
நடை தள்ளாடினால்,
அன்றைக்கே வர வேண்டும்.

இப்போது யாராவது கூப்பிட்டால்
முழு உடம்போடு திரும்புகிறேன், அலுமாரி நகர்வது போல.
கோயிலில் நான் திரும்பவில்லையென்று
ரத்தினசோதி சொன்னாளாம்,
"சூப்பர்வைசர் ஆனதும் தலைக்கனம்."
கனம்தான்.
ஐந்து கிலோவுக்குக் கிட்ட என்று
பிசியோ தந்த தாளில் போட்டிருக்கிறது.

இருபத்தாறு வயதில்
கமலநாதனுக்குக் கழுத்தை நீட்டினேன்.
இத்தனை காலமும் சாப்பாட்டு மேசையில் அவருக்கு
என் இடப்பக்கக் கதிரை.
திங்கள் இரவு ஒன்றும் பேசாமல்
கோப்பையைத் தூக்கிக்கொண்டு
எனக்கு நேரெதிரே வந்து இருந்தார்.
ரசம் கொஞ்சம் மேசையில் சிந்தியது. துடைத்தேன்.

வேலை முடிந்து
லாக்கர் அறையில் கோட்டை மாட்டுகிறேன்.
ஏழு பொத்தான்.
மேலிருந்து தொடங்குகிறேன், பார்க்காமல்,
விரல்களை மட்டும் கேட்டு.
நாலாவதில் கொஞ்சம் நின்றது.
மார்லின் கதவைப் பிடித்தபடி "பஸ் வருகுது" என்கிறாள்.
ஐந்து.
இரு, வாறேன்.
ஆறு.