தூரமா?

மல்லேஸ்வரத்தில் எதிரொலி இல்லாத ஒரு சின்ன அறை.
கொரிய மொழி கற்கும் ஆங்கிலக்காரர்களின் குரலைப் பதிந்து,
ஏற்ற இறக்கத்தை நீலக் கோடாக்கி,
கோட்டுக்கு எண் கொடுப்பது என் வேலை.
கொரிய மொழி எனக்குத் தெரியாது.
கோடு தெரியும்.

பதினேழாம் எண், யூனிஸ் ஹாட்ஜஸ்.
காக்ஸ் டவுன். நான்கு தலைமுறையாக வீட்டில் இங்கிலீஷ்தான்.
கம்மனஹள்ளியில் ஒரு கொரியன் ஓட்டலில்
கணக்கு எழுதுகிறார்.

வாசகம் நாற்பத்தொன்று: ஒதி கயோ.
இரண்டே சொல்.
ஒரே மூச்சில் கோத்துச் சொன்னால், எங்கே போறீங்க.
நடுவில் ஒரு மடிப்பு வைத்துக் கடைசியைத் தூக்கினால்,
எங்கேயாவது போறீங்களா.
எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறாது.
நமக்கு ஓர் 'ஆ' இருக்கிறது, ஓர் 'ஆவது' இருக்கிறது.
அங்கே அத்தனையும் தொண்டையின் பொறுப்பு.

முதல் மாதம் யூனிஸ் அந்த 'ஒ'வை
ஆணி மாதிரி அடித்தார்.
ஆங்கிலம் அப்படித்தான், சொல்லுக்குச் சொல் ஓரிடத்தில்
முழங்கையை ஊன்றிக்கொள்ளும்.
இது ஊன்றாத மொழி.
தாழ, மேலே, மறுபடி தாழ, மேலே,
கழுவிவிட்ட தரையில் செருப்பில்லாமல் நடப்பதுபோல.
அவருடைய கோடோ
மேம்பாலமாக ஏறி, சிக்னலில் பொத்தென்று விழுந்தது.

"சமையல்காரர் ஓ மின்சோக்
நான் பையை எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறார்"
என்றார், டீ குடிக்கும்போது.
"நானும் சொல்வேன். காக்ஸ் டவுன், இந்த பஸ், இந்த ஸ்டாப்,
மார்க்கெட் பக்கத்தில் வலது கை சந்து.
மூணு மாசம்!
கரண்டியோடு நின்று கேட்டுக்கொண்டே இருப்பார், பாவம்."

ஐந்தாம் மாதம். வெளியே மழை,
அறைக்குள் அதுகூடக் கேட்கவில்லை.
நாற்பத்தொன்று.
சோல்காரப் பெண்ணின் மாதிரிக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன்.
ஒட்டவில்லை. வால் ஆடியது.
ஆனால் மடிப்பு இருந்தது.
ஆணி இல்லை.

"இப்போது அவரிடம் என்ன சொல்கிறீர்கள்?"
"நே. 'ஆமா'ன்னு அர்த்தம். அவ்வளவுதான்.
அவரும் வெங்காயத்துக்குத் திரும்பிவிடுவார்."

அல்சூரில் எங்கள் மாடிப்படியில்
கிளம்புகிறவளை 'எங்கே' என்று கேட்டால்
போகிற காரியம் கெட்டுவிடும்.
அதனால் கீழ்வீட்டு வேதவல்லி வேறு ஒன்று கேட்பார்.
அதற்கு இதுவரை யாரும்
கிலோமீட்டர் சொன்னதில்லை.

யூனிஸ் குடையை உதறினார்.
அந்தக் கேள்வி என் ஆங்கிலத்தில் இல்லை.
தமிழிலேயே வந்துவிட்டது:
"தூரமா?"
காக்ஸ் டவுன்காரருக்கு அந்த அளவு தமிழ் தெரியும்.

"ஆமா," என்றார்,
பஸ் நம்பர் எதுவும் சொல்லாமல்.

மைக்கை அதற்கு முன்பே அணைத்திருந்தேன்.
அந்த ஆமாவுக்கு
கோடு இல்லை.