எதற்கு

மூன்று கட்டம் போட்ட நோட்டு.
பெயர். போன் நம்பர். எதற்கு.
ஸ்டேஷனில் சொன்னபடி நானே ஸ்கேல் வைத்து இழுத்த கோடு.
கடைசிக் கட்டத்தை அகலமாக விட்டேன்,
மனிதர்கள் நிறைய எழுதுவார்கள் என்று நினைத்து.
"தேங்காய்" என்று எழுதுகிறார்கள்.
விரகனூர் ரிங் ரோட்டில் பட்டறை போட்டு ஆறு வருடம்;
இவ்வளவு தேங்காய் மதுரையில் உண்டா என்று
எனக்கே சந்தேகம்.

இந்தக் கத்தியை நான் வரைந்தது
கரண்ட் பில்லின் பின்பக்கம்.
அரிவாளுக்கு மூக்கு வளையும்; இதற்கு முதுகே வளையும்.
பிடியை விட்டதும் ஒல்லியாய்ப் போய்
வயிற்றில் அகன்று
நுனியில் மறுபடி மனசு மாறும்.
பதினோரு அங்குலம். அறுநூற்று இருபது கிராம்.
பிடியிலிருந்து நாலு விரல் தள்ளி நடுநிலை நிற்க வேண்டும்,
வீச்சில் பாதி வேலையைக் கத்தியே பார்க்க.

முதல் மூன்றும் தோற்றன.
ஒன்று தண்ணீரில் தோய்த்ததும் விரிந்தது.
சின்னச் சத்தம்தான், கொலுசு அறுந்தது போல.
இரண்டாவது புளியங்கட்டையில் வாய் மடங்கியது.
மூன்றாவதை எல்லீஸ் நகர் கூர்க்கா தன்பகதூர்
வாங்கி, ஒரு முறை காற்றில் விட்டு,
"அக்கா, இது கத்தி இல்லை. துடுப்பு" என்றார்.
வைகையில் தண்ணீர் வந்தால் ஆகும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
வீடு வீடாய் மாதக் காசு வாங்கப் போய்விட்டார்.

நாலாவது, சிவகாசி லோடு அடித்த லாரியின் வில்பட்டை.
இருபது வருடம்
குனிந்து குனிந்து நிமிர்ந்த இரும்பு.
காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை ஊதி
கடலை எண்ணெயில் இறக்கினேன்.
பதம் இறக்க ஓவன் இல்லை.
அனுப்பானடி பேக்கரியில் பன் எடுத்த பிறகு
இருநூறு டிகிரி, இரண்டு மணி நேரம், இரண்டு தடவை.
வாடகை நூற்றைம்பது.
வைக்கோல் நிறத்தில் வெளியே வந்தது.
மறுநாள் பன்னில் ஏதோ வறுத்த வாசம் என்று
யாரோ கூடுதலாய் ஆறு கேட்டார்களாம்.

வாகைப் பிடி. பித்தளை ஆணி இரண்டு.
கட்டையை நூறு தரம் கொத்திவிட்டு
அதே வாயால் ஒரு தக்காளியைத் தொட்டேன்.
தான் வெட்டுப்பட்டதைத் தக்காளி
கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டது.

விலை நாலாயிரத்து இருநூறு.
"திருப்பாச்சேத்தியில எண்ணூறுக்கு..." என்று தொடங்குகிறவர்களுக்கு
பஸ் நேரம் சொல்லி அனுப்புகிறேன்.
சோழவந்தான் தோப்பு இருளப்பன் இரண்டு எடுத்தார்.
சிறுமலையில் காபி வைத்திருக்கும் டாக்டரம்மா ஒன்று.
நெல்பேட்டை கறிக்கடை ஜமால்
எலும்பு கொண்டுவந்து சோதித்து
எலும்பை இங்கேயே விட்டுப் போனார்.

ஒரு பையன். புது பைக், நம்பர் பிளேட் இன்னும் இல்லை.
ஐயாயிரமாய் வைத்தான், மீதி வேண்டாம் என்றான்.
மூன்றாம் கட்டத்தில் "தோட்டம்".
என்ன தோட்டம் தம்பி?
"கொய்யா."
பிடி காயவில்லை, செவ்வாய்க்கிழமை வா என்றேன்.
எதிர்ச் சுவரில் பிடி காய்ந்த ஏழு கத்தி தொங்கியது.
அவனும் பார்த்தான். நானும் பார்த்தேன்.
செவ்வாய் வந்தது, அவன் வரவில்லை.
ஊரில் வேறு கடை இருக்கிறது என்பது எனக்கும் தெரியும்.
அந்த வாரம் முழுக்க
பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படித்தேன்.

நாலாவதை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.
தன்பகதூர் அதை விரலில் நிறுத்தினார். நின்றது.
பிடிக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளம் எங்கே என்றார்.
கிரைண்டரில் அங்கேயே போட்டுக் கொடுத்தேன்.
எதற்கு இந்தப் பள்ளம்?
"ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க அக்கா.
எனக்கு அது இல்லாமப் பார்க்க முடியல."
ஐந்து தவணை. மூன்றாம் கட்டத்தில்
தன் மொழியில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

மாதக் கடைசியில் எஸ்.ஐ. நோட்டைப் புரட்டினார்.
தேங்காய், தேங்காய், கறி, தேங்காய்.
"இது என்ன எழுத்து?"
மேலே ஒரு கம்பி, அதில் எழுத்தெல்லாம் தொங்குகிறது,
என் சுவர்க் கத்திகள் மாதிரி.
தெரியாது சார்,
ராத்திரி ரெண்டு மணிக்கு விசில் ஊதுகிறவர் எழுதியது என்றேன்.
மேற்கொண்டு கேட்கவில்லை.
சுவரிலிருந்து ஒன்றை எடுத்தார்.
இரண்டு விரலில் நிறுத்தினார்.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நிறுத்தினார்.
"என்ன விலை சொல்றீங்க?"

நோட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன்.
பெயர் எழுதினார். நம்பர் எழுதினார்.
மூன்றாம் கட்டத்தில் பேனா நின்றது.
வெளியே ரிங் ரோட்டில் ஒரு லாரி
பாரத்தோடு
வில் குனிந்து போனது.