நான்கு ழு

புத்தூர் ரயிலடிக்குப் பின்னால்
வெங்கடாத்ரி நாயுடுவின் அச்சுக்கூடம்.
கல்யாணப் பத்திரிகை, ஜமாபந்தி நோட்டீஸ்,
தெலுங்குப் பஞ்சாங்கம்.
தமிழுக்கென்று சுவரோரம் இரண்டு பெட்டி,
சித்தூரில் யாரோ நொடித்துப்போனபோது
எடைக்கு வாங்கியவை.

நாற்பத்தெட்டுப் பக்கம் என்றேன்.
"பொம்பளைங்க புஸ்தகமா? பதினாறு போதும்மா.
ஒரு தாள், மூணு மடிப்பு, ஒரு தையல்.
காலணாவுக்குப் பிளாட்பாரத்தில் போய்விடும்.
வண்டி ரேணிகுண்டா சேருமுன் படித்துவிடலாம்,
பிறகு அதிலேயே வேர்க்கடலை மடிக்கலாம்."

என் கதையில் சொர்ணாம்பிகை
பதினாறாம் பக்கத்தில் இன்னும்
மாமியார் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.
மூன்று தாள் என்றேன்.
பாதி ரொக்கம், பாதிக்கு எங்கள் கடை நூல்:
நாற்பதாம் நம்பர், இரண்டு சிப்பம்.

மூன்றாம் நாள் செங்கய்யா கடைக்கு வந்தான்.
கோர்ப்பவன். தமிழ் வாசிக்கத் தெரியாது.
கொக்கி, சுழி, கால் என்று
உருவம் பார்த்து அடுக்குவான்.
உள்ளங்கையை விரித்து ஓர் ஈயத்துண்டைக் காட்டினான்.
"இதி அயிபோயிந்தம்மா."
ழு.

எட்டுப் பக்கம் ஒரு சட்டம்.
அதை அச்சிட்டுக் கலைத்தால்தான்
அடுத்த எட்டுக்கு அதே ஈயம்.
ஒரு சட்டத்துக்கு இருப்பு:
ழ ஒன்பது, ழ் ஐந்து,
ழு நான்கே நான்கு.
சென்னையில் வார்த்து வர இரண்டு மாதம்,
பணம் முன்கூட்டி.

அன்று ராத்திரி
வரவுசெலவு நோட்டின் பின்பக்கத்தில்
கதையைக் கணக்குப் பார்த்தேன்.
முதல் சட்டத்தில் மட்டும் சொர்ணாம்பிகை
பதினேழு தரம் அழுதிருந்தாள்.
காலில் விழுந்தது ஆறு.
தொழுதது மூன்று.
எந்தக் கதையில்தான் அப்படியில்லை,
எனக்கும் கை தானாகப் போயிருந்தது.

கண்ணீர் உகுத்தாள் என்று மாற்றிப் பார்த்தேன்,
ழு கேட்காத கண்ணீர்.
பதினேழு தரம் உகுத்தால்
படிக்கிறவள் மடி நனைந்துவிடும். அடித்தேன்.
அந்த இடங்களில் அவளுக்கு
ஏதாவது வேலை கொடுக்கவேண்டியிருந்தது.
அரிசி அளந்தாள். பூட்டை ஆட்டிப் பார்த்தாள்.
சாவி யாரிடம் என்று கேட்டாள்.
ழுவுக்காக ஒரு கொழுந்தனையே
கதையைவிட்டு அனுப்பினேன்,
யாரும் தேடவில்லை.
தாழ்ப்பாளை எடுத்துவிட்டு
வெறும் கதவு என்று வைத்தேன்.
இருபதாம் பக்கத்தில் அவள்
அதைத் திறந்துகொண்டு போனாள்.

நான்கில்
எழுந்தாளுக்கு ஒன்று,
எழுதினாளுக்கு மூன்று.
ஒரு தரம் செங்கய்யா தானாகச் சமாளித்து
எளுதினாள் என்று கோர்த்திருந்தான்.
அதை மட்டும் விடமாட்டேன் என்றேன்.

முகப்புக்கு நாயுடு வைத்திருந்தது:
ம-ள-ள-ஸ்ரீ துளசிங்க முதலியார் அவர்கள்
பத்தினியார் இயற்றியது.
கனத்த எழுத்தில் அவர், சன்னத்தில் பத்தினி.
"பேர் போட்டால் ஒரு ழ போகுமேம்மா" என்றார்
சில்லறை இல்லாதவர் மாதிரி.

என் பேர் குழந்தையம்மாள்.
முகப்பும் ஐந்தாம் பக்கமும்
ஒரே சட்டத்தில் உட்காரும் என்பது
அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.
ஐந்தாம் பக்கத்து மழையை மாரியாக்கி
அந்த ழ-வை முன்னால் கொண்டுவரச் சொன்னேன்.

முந்நூறு படி.
இரண்டு வருஷம் கடந்து
சென்னைக் கடைக்காரர் ஒருவர் கடிதம்:
மறுபதிப்பு. டெமி எட்டுமடி, காலிகோ கட்டடம்,
முதுகில் தங்க எழுத்து.
"எங்களிடம் சகல எழுத்தும் மரக்கால் கணக்கில் உண்டு.
சொர்ணாம்பிகை ஏன் ஓரிடத்திலும் அழவில்லை என்று
வாசிக்கிற ஸ்திரீகள் கேட்கிறார்கள்.
தாங்கள் தாராளமாகச் சேர்க்கலாம்."

அஞ்சலட்டையில் பதில் போட்டேன்.
காலிகோ வேண்டாம்,
இடுப்பில் செருகும் அளவு போதும்.
அவளைத் தொடவேண்டாம்.
ஐந்தாம் பக்கத்தில் மட்டும்,
அவள் சன்னலோரம் நிற்கும் இடத்தில்,
மாரி என்றிருப்பதை எடுத்துவிட்டு
மழை என்று போடவும்.